கடைசி இரண்டு கெல்வின்

மீக்கடத்தியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் வரும் படம் எப்போதும் ஒன்றுதான். வெப்பநிலை இறங்க இறங்க மின்தடை மெல்லக் குறையும். ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தைத் தொடும். எனக்கு அந்தச் செங்குத்துக் கோட்டின் மேல் தீராத ஆசை. எதிலும் ஆம், இல்லை என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்ற பதற்றம் என் சுபாவத்திலேயே உண்டு. மங்கலாக இருப்பதெல்லாம் குறை என்றே நம்பி வளர்ந்தவன். அந்த நம்பிக்கையைக் கரைத்தது ஒரு கருப்பு வில்லை.

இட்ரியம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு அது. 1986இல் சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ட்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளின் கதவைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே இந்தச் சேர்மம் சுமார் 93 கெல்வினில் மீக்கடத்தியானது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதால், பெரிய வசதி இல்லாத ஆய்வகங்களும் இதில் இறங்க முடிந்தது. எங்களுடையதும் அப்படி ஒன்று.

வில்லையை உலையில் சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் நிதானமாக ஆறவிடுவோம். பிறகு நான்கு மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவோம். வெளிக் கம்பிகளில் மின்னோட்டம். உள் கம்பிகளில் மின்னழுத்தம். கம்பிகளில் உள்ள வெப்பநிலை வேறுபாடே சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். அதனால் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு மறுபடி அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொள்வோம்.

200 கெல்வினிலிருந்து புள்ளிகள் நேர்கோட்டில் இறங்கிவந்தன. 110ஐ ஒட்டி லேசாகக் கீழே சாய்ந்தன. 93ஐ நெருங்கும்போது தோள் போல வளைந்து, அதற்குப் பிறகே விழுந்தன.

என் வழிகாட்டி படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்த வளைவுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்ப்பா. வில்லைல இடத்துக்கு இடம் ஆக்சிஜன் கூடக்குறைய இருந்தா, ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு வெப்பநிலைல மாறும். இல்லன்னா, இது பொருளோட சுபாவம். படத்துல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். எதுன்னு கண்டுபிடி" என்றார்.

சுபாவம் என்று அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கூப்பர் இணைகளிலிருந்து தொடங்கவேண்டும். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து ஓடுகின்றன. அலுமினியத்தில் ஓர் இணை ஏறத்தாழ 1600 நானோமீட்டர் பரந்திருக்கும். அந்த வெளிக்குள் லட்சக்கணக்கான மற்ற இணைகளும் இருக்கும். இட்ரியம் சேர்மத்திலோ தாமிரத் தளத்துக்குள் 1.5 நானோமீட்டர் அளவு. தளத்துக்குக் குறுக்கே அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் முகம் வாடினாலும் வீடே வாடும். இணைகளின் கதையும் அதுவே. அலுமினியத்தில் தனித்தனி சலனங்கள் சராசரியில் கரைந்துபோகின்றன. மாற்றப் புள்ளியருகே அவை தலைதூக்கும் இடைவெளி அளக்கவே முடியாத அளவுக்குக் குறுகியது என்று இயற்பியலாளர் கின்ஸ்பர்க் 1960இல் கணக்கிட்டார். தாமிர ஆக்சைடில் அந்த இடைவெளி கெல்வின் கணக்கில் விரிகிறது. 93க்கு மேலேயே இணைகள் கணநேரம் தோன்றி மறைகின்றன. அவை மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துவதால்தான் கோடு முன்கூட்டியே சாய்கிறது.

எங்கள் வில்லையில் எது எவ்வளவு என்று பிரிக்க ஒரே வழி, பொருளைத் தூய்மையாக்கி, வெப்பநிலையை நத்தை வேகத்தில் நகர்த்துவது. வில்லையை விட்டு ஒற்றைப் படிகத்துக்குப் போனோம். வளைவில் ஒரு பகுதி மறைந்தது, அது அழுக்கு. மீதி அசையாமல் நின்றது.

அப்படி நிற்பதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. 1994இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்டி, பான் குழுவினர், காந்தப்புலம் படிகத்துக்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்று அளந்தார்கள். மாற்றப் புள்ளியை நெருங்கும்போது அந்த ஆழம் பெருகும். சலனங்களைக் கணக்கில் எடுக்காத பழைய கோட்பாட்டின்படி பெருக்கத்தின் அடுக்கு இரண்டில் ஒன்று. அவர்களுக்குக் கிடைத்ததோ மூன்றில் ஒன்று, அதுவும் பல கெல்வின் அகலத்துக்கு. 2.17 கெல்வினில் திரவ ஹீலியம் மீப்பாய்மமாக மாறும்போது கட்டுப்படும் அதே விதி. கருப்புப் படிகமும் நிறமற்ற திரவமும் தங்கள் எல்லையில் ஒரே இலக்கணத்துக்கு அடங்குகின்றன என்று படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பின் மனிதர்களிடமும் நான் பதில் கேட்டு அவசரப்படுத்துவது குறைந்தது. முடிவெடுக்கும் தறுவாயில் ஒருவர் தடுமாறினால், அது பலவீனமா, உள்ளே நிஜமாகவே ஏதோ உருவாகிறதா என்று பொறுத்துப் பார்க்கக் கற்றிருக்கிறேன்.

இன்று என்னிடம் வளைந்த கோட்டைக் கொண்டுவரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெட்கப்படாதீர்கள், கொண்டாடவும் செய்யாதீர்கள். இன்னும் நல்ல படிகம் வளர்த்து, கடைசி இரண்டு கெல்வினுக்கு ஓர் இரவு முழுவதையும் ஒதுக்குங்கள். இந்த இணைகளைச் சேர்த்துவைப்பது எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எந்த விடை வந்தாலும், அந்த இரண்டு கெல்வினில் நீங்கள் எடுக்கும் புள்ளிகளுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.