பனி அள்ளப் போகிற வண்டி, ஓரிக்கையில் சேறு அள்ளுகிறது!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றைத் தொடுவதற்கு முன்னால் வருகிறது ஓரிக்கை. பெயருக்கு ஒரு கதை உண்டு. சீடன் கணிகண்ணனை மன்னன் ஊரைவிட்டு விரட்ட, திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். அவர் கூப்பிட்டதும் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அவர்கள் தங்கிய ‘ஓர் இரவு இருக்கை’தான் ஓரிக்கை ஆனது என்கிறார்கள். மன்னன் வந்து மன்னிப்புக் கேட்க, மறுநாளே எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இன்றைக்கு வெளியூர் பக்தர்களுக்கு ஓரிக்கை என்றால் கருங்கல்லில் எழுந்த மகா பெரியவர் மணிமண்டபம். பஸ் ஊழியர்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை. 2019-ல் அத்திவரதரைத் தரிசிக்க வந்தவர்களுக்குத் தற்காலிக பஸ் நிலையம். நெசவாளர் வீடுகளில் கேட்டால், முதலில் தெருவைத்தான் காட்டுவார்கள்.

காரணம் இருக்கிறது. பட்டுச் சேலை தறிக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் தெருவில் இருக்கிறது. விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள், பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கை கொடுப்பார். இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி, காயவிட்டுச் சுருட்ட வேண்டும். ஆக, அந்தத் தெரு பாதை மட்டுமல்ல, பட்டறையும்கூட.

ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் சிக்கல். ஓரிக்கைக்கு ஒரு பக்கம் வேகவதி, இன்னொரு பக்கம் பாலாறு. இரண்டும் கீழே திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்துகொள்கின்றன. 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதைக் காஞ்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டாம். இரண்டு நாள் நல்ல மழை, அடைத்துக்கொண்ட ஒரு கால்வாய் போதும். தண்ணீர் எப்படியும் வடிந்துவிடும். சேறு கிடக்கும். சேற்றுக்கு மேலே பாவு நீட்ட முடியாது. பட்டு ஒருமுறை தரையில் பட்டால் கதை முடிந்தது. வீட்டுக்குள்ளே குழித்தறியின் குழியிலும் ஈரம் ஊறும். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது.

அந்தச் சேற்றை யார் அள்ளுவது? ஜேசிபி ஏழெட்டு டன் எடை. குறுகலான தெருவுக்குள் நுழைந்தால் திரும்ப இடமிருக்காது, யார் வீட்டுத் திண்ணையாவது பெயரும். இந்த மாதிரி இடத்துக்கென்றே இருக்கிறது ‘பாப்காட்’. சென்னையில் குப்பையும் கட்டட இடிபாடும் அள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட ஐந்தடி அகலம், முன்னால் ஒரு பக்கெட், நடுவில் கம்பிக் கூண்டு, அதற்குள் ஒரே ஓர் ஆள். பாப்காட் என்பது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர். அவர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஆலைகூட இருக்கிறது. நம் ஊரில் யார் செய்த வண்டியானாலும் அதே பெயர்தான்.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் பனி கொட்டும் மினசோட்டா மாநிலம், ராத்சே என்ற சின்ன ஊர். அங்கே வான்கோழிப் பண்ணை வைத்திருந்த எடி வேலோவுக்கு ஒரு தலைவலி. பண்ணைக் கொட்டகைக்கு இரண்டு தளம், நடுவில் தூண்கள். எருவை அள்ள வரும் வண்டியை மேல்தளம் தாங்க வேண்டும், தூண்களுக்கு இடையே அது திரும்பவும் வேண்டும். உள்ளூரில் பட்டறை வைத்திருந்த லூயிஸ், சிரில் கெல்லர் சகோதரர்கள் 1957-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அடுத்த வருடமே மெல்ரோ என்ற நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. 1960-ல் நான்காவது சக்கரம் வந்தது. 1962-ல் வட அமெரிக்கக் காட்டுப்பூனையின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

சூட்சுமம் இதுதான்: இந்த வண்டியில் சக்கரம் திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு லீவர், வலப்பக்கத்துக்கு ஒரு லீவர். ஒன்றை முன்னே தள்ளி இன்னொன்றைப் பின்னே இழுத்தால், டயர் தரையில் வழுக்கி, நின்ற இடத்திலேயே வண்டி சுழலும். காய்ந்த சிமென்ட் சாலையில் இப்படிச் சுழற்றினால் டயர் தேயும். பனியிலும் சேற்றிலும் வெண்ணெய் மாதிரி திரும்பும். பழைய வண்டி ஒன்றை வைத்துக் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளிப் பிழைப்பவர்கள் அந்த நாடுகளில் ஏராளம்.

பனி அள்ளுகிறவர்களின் பாடம் நம் தெருவுக்கும் பொருந்தும். வேகமாகப் போய் முட்டக் கூடாது. பனிக்கு அடியில் நடைபாதை விளிம்பு ஒளிந்திருக்கும். இங்கே சேற்றுக்கு அடியில் கால்வாய் மூடியும் வாசற்படியும் இருக்கும். பக்கெட் காலியாக இருக்கும்போது எடை முழுக்க வண்டியின் பின்பக்கம் இருக்கும். அதனால் மேட்டில் பின்பக்கமாக ஏற வேண்டும். பாரம் இருந்தால் முன்பக்கமாக. பக்கெட்டைத் தூக்கும் கைகள் ஓட்டுநருக்கு இருபுறமும் உரசுகிற மாதிரி போய் வரும். பழைய வண்டியில் பக்கவாட்டுக் கம்பி பிய்ந்திருந்தால் சரிசெய்யாமல் ஏறக் கூடாது. தலையை வெளியே நீட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு.

இதையெல்லாம்விட முக்கியம், அள்ளியதை எங்கே கொட்டுவது என்பது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். சாலையைச் சுத்தம் செய்கிற வண்டி போன பிறகு, வீட்டு வாசலை மறித்து ஒரு பனி வரப்பு கிடக்கும். அதை உடைத்துவிட்டுத்தான் காரை எடுக்க முடியும். அந்தப் பனியாவது வெயில் வந்தால் உருகும். நம் ஊரில் கால்வாயில் அள்ளிய வண்டலைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே இறங்குகிறது. வண்டி வந்தது, வாடகை ஏறியது, தெரு பழையபடி. குட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு டிராக்டர் டிப்பரும் வந்து நின்றால்தான் அது முழு வேலை. இல்லையென்றால் நெசவாளர் வீட்டுக்கு அது இன்னொரு கூலி இல்லாத வாரம்.

ஓரிக்கைக்குப் போவதாக இருந்தால் மழை ஓய்ந்த தை, மாசியில் போங்கள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பஸ் ஏறலாம். மணிமண்டபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விடியும்போதே தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்து பாருங்கள். பாவு நீட்டியிருந்தால் ஹார்ன் அடிக்காதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து போங்கள்.