கோவளத்தில் ஒரு கத்தரிக்கோல்!

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பவர்களில் மூன்று ரகம் உண்டு. பால்காரர், பரீட்சைக்குப் படிக்கிற பையன், தூண்டில் பைத்தியம். நான் மூன்றாவது ரகம். ஆறு நாளும் ஆபீஸில் பேலன்ஸ் ஷீட்டோடு மாரடித்துவிட்டு, ஏழாம் நாள் மச்சினனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை விடுவேன். ("மீன் வேணும்னா மார்க்கெட்ல வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். எங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்கிற ஒருவர் இருக்கிறார்!)

முட்டுக்காடு பாலத்தில் பைக்கை ஓரங்கட்டினால் வலது பக்கம் உப்பங்கழி, இடது பக்கம் கடல். நடுவில் மணல் திட்டு. மழைக்காலத்தில் தண்ணீர் பெருகும்போது முகத்துவாரம் திறந்துகொள்ளும். கோடையில் மணல் மூடிவிடும். 1984-ல் ஆரம்பித்த படகுத்துறைக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். ஆனால், அது பத்து மணிக்கு மேல். விடியற்காலையில் நாரை, நீர்க்காகம், நாங்கள்... அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கோவளம். சின்ன ஊர்தான். ஆனால், சரித்திரம் பெரிசு. இங்கே இருந்த கோட்டையை 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ராபர்ட் கிளைவ் பிடித்தார். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே கடல் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. 2021-ல் இந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' அந்தஸ்துகூடக் கிடைத்தது. அலையில் பலகை போட்டுச் சறுக்குகிற இளைஞர்கள் ஒரு பக்கம், வலையை உதறுகிற மீனவர்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல் கம்பும் கையுமாக நானும் மச்சினனும்!

இத்தனை நாள் நாங்கள் வைத்திருந்தது சாதாரண நைலான் நரம்பு. நம்ம தங்கூஸ்தான். போன வருஷம் மச்சினன் புதுசாக ஒன்று வாங்கி வந்தான். "மாமா, இதுதான் பின்னல் நரம்பு. யானையைக் கட்டினாலும் அறாது!"

அவன் சொன்னதில் பாதி உண்மை. மெல்லிய இழைகள் நாலையோ எட்டையோ ஜடை மாதிரி பின்னியிருப்பார்கள். பொருள் என்னவென்று பார்த்தால் பாலிஎதிலீன்! மளிகைக் கடை கேரி பேக் இருக்கிறதல்லவா, அதற்குப் பெரிய இடத்துச் சொந்தக்காரன். மூலக்கூறு ஒவ்வொன்றும் ரொம்ப நீளம். எல்லாம் ஒரே திசையில் நீட்டி இழுக்கப்பட்டிருக்கும். கப்பல் கயிறும் குண்டு துளைக்காத கவசமும் இதே சரக்கில் செய்கிறார்கள். ஒன்பது கிலோ இழுவை தாங்குகிற நைலான் நரம்பு கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அதே வலுவுள்ள பின்னல் நரம்பு அதில் பாதிதான். நீளாது. அதனால் அந்தப் பக்கம் மீன் மூக்கைச் சொறிந்தால்கூட இந்தப் பக்கம் கையில் தெரியும்.

எல்லாம் சரி. முடிச்சுப் போட்டபின் மிச்ச நுனியை வெட்ட வேண்டுமே... அங்கேதான் ஆரம்பித்தது வினை!

முதலில் பல். நைலான் நரம்பைக் கடித்தே துப்பிய பரம்பரை நாங்கள். பின்னல் நரம்பு கடிக்குக் கட்டுப்படவில்லை. பல் கூசியதுதான் மிச்சம். பல்லின் மேல்பூச்சு போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. பல் டாக்டர் பில்லுக்கு ஒரு கூடை வஞ்சிரம் வாங்கலாம்.

அடுத்து, ஆபீஸ் கத்தரிக்கோல். (ஸ்டேஷனரி ரிஜிஸ்டரில் இன்னும் என் பெயரில் இருக்கிறது.) காகிதத்தை அழகாக வெட்டுகிற அது, பின்னல் நரம்பைக் கண்டதும் இரண்டு தகடுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்க வைத்தது. அழுத்த அழுத்த நரம்பு மடங்கியதே தவிர, வெட்டுப்படவில்லை. காரணம், இந்த இழை வழுக்கும். முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும், இரண்டு தகடுக்கும் நடுவில் தலைமுடி இடைவெளி இருந்தாலும் நழுவி உள்ளே புகுந்துவிடும்.

மூன்றாவது, நகவெட்டி. நைலானுக்கு இதைவிட உத்தமமான கருவி கிடையாது. ஒரே உருண்டை நரம்பு, 'டிக்' என்று போய்விடும். பின்னல் நரம்பிலோ நகவெட்டியின் இரண்டு வாயும் நேருக்கு நேர் மோதி இழைகளை நசுக்குகிறது. நாலு இழை அறும், மீதி தொங்கும். நுனி, ஷேவிங் பிரஷ் மாதிரி விரிந்துகொள்ளும். அந்தப் பிரஷ்ஷைத் தூண்டில் முள்ளின் காதில் நுழைத்துப் பாருங்கள். விடியற்காலை இருட்டில், காற்றில், எச்சில் தொட்டுத் தொட்டு... பாட்டிக்கு ஊசி கோத்துக் கொடுத்த புண்ணியமெல்லாம் அன்றைக்குக் கரைந்துவிடும்!

நான்காவது, சிகரெட் லைட்டர். மச்சினன் யோசனை. உருகத்தான் செய்தது. நூற்று நாற்பத்தைந்து டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிற பொருள் இது. ஆனால், சூடு எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியாதே? முடிச்சு வரை ஓடி, முடிச்சையே பலவீனமாக்கியது. அன்றைக்கு விட்ட கொடுவாயைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் பேசுவதில்லை. வெட்டிய நுனி பிரியாமல் இருக்க, முடிச்சிலிருந்து தள்ளி லேசாகக் காட்டலாம். வெட்டுவதற்கே நெருப்பு என்பது கொசுவுக்கு பீரங்கி.

ஐந்தாவது, பிளேடு. வெட்டியது, பிரமாதமாக! நரம்பை வெட்டிய கையோடு பையையும் என் பேன்ட் பாக்கெட்டையும் வெட்டியது. ஈரக் கையில் திறந்த பிளேடு வேண்டவே வேண்டாம்.

கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் கிடைத்தது சரியான சாமான். விரல் நீளக் கத்தரிக்கோல். தகடு ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. ஒரு தகட்டில் ரம்பம் மாதிரி நுணுக்கமான பற்கள். அந்தப் பற்கள் நரம்பை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்ள, இன்னொரு தகடு வேலையை முடிக்கிறது. கடைக்காரரிடம் ஒரு முழம் பின்னல் நரம்பைக் கொடுத்து, இழுத்துப் பிடிக்காமல் தொளதொளவென்று தொங்கவிட்டு, கத்தரியின் நுனியால் வெட்டச் சொன்னேன். ஒரே 'சிக்'. நுனி, தர்ப்பைப்புல் வெட்டின மாதிரி. இழுத்துப் பிடித்தால் எந்தக் கத்தியும் வெட்டும் சார். தொங்கும்போது வெட்டுவதுதான் கத்தரிக்கோல்!

இதோடு கதை சுபம் என்று நினைத்தேன். இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. கோவளத்துக்கு வடக்கே முகத்துவாரம் ஓரமாக நின்றிருந்தோம். இரை இறால். ஏழு மணி சுமாருக்கு மச்சினன் கம்பு வில்லாக வளைந்தது. "மாமா, பெரிசு!" என்று கத்தினான். ரீலில் நரம்பு சிக்கிக்கொண்டு சுற்றமாட்டேன் என்றது. பயல் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தான். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் இருந்த நரம்பைக் கையால் பிடித்து ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டான்!

திருக்கை. அதன் முதுகு ஒரு விநாடி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அடுத்த விநாடி அது ஆழத்துக்கு ஓடியது. முழங்கால் தண்ணீரில் நின்றவன் இடுப்புத் தண்ணீருக்குப் போனான். "மாமா... விரல்... விரல் போவுது மாமா!" நீளாத நரம்பு, பாதி தடிமன். அதன் பெருமையெல்லாம் இப்போது அவன் விரலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பை இருபது அடி தள்ளி மணலில். ஓடினேன். ஜிப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு பை, அதற்குள் ஒரு டப்பா, அதற்குள் கத்தரிக்கோல். எடுத்தேன். திறக்கவில்லை! போன வாரம் உப்புத் தண்ணீரோடு அப்படியே வைத்து மூடியது. திருகாணியில் துரு பிடித்து இரண்டு தகடும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாரம்... ஒரே ஒரு வாரம்தான் சார்! அந்த நிமிஷத்தில் என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்தார். தண்ணீரில் இறங்கும்போதே கழுத்தில் கை வைத்தார். தாயத்து என்று நினைத்தேன். கயிற்றில் கட்டின சின்னக் கத்தரிக்கோல்! மச்சினன் விரலுக்கு ஒரு சாண் முன்னால் நரம்பைத் தொட்டார். தொட்டார், அவ்வளவுதான். 'டப்'. மச்சினன் மல்லாக்க விழுந்தான்.

விரல் முதலில் வெள்ளையாக இருந்தது. அப்புறம் சிவப்பாயிற்று. பெரியவர் தன் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

"படிச்ச புள்ளைங்கதானே? கையில சுத்துவியா தம்பி? அது நரம்பு இல்ல, அரம். துணி சுத்தி இல்லாங்காட்டி ஒரு குச்சியில சுத்திப் புடிக்கணும்."

நான் என் கத்தரிக்கோலைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்லாத்தான் கீது. என்னுதவிட ஒசத்தி. ஆனா, ஒன்னுது பையில கீது, என்னுது கழுத்துல கீது."

அவ்வளவுதான் சொன்னார். நாலு கடை ஏறி இறங்கி, பல் வைத்த தகடு, மழுங்காத முனை என்று நான் தேடித் தேடிச் சேர்த்த ஞானமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் கைகட்டி நின்றது.

வழியில் ஒரு டாக்டரிடம் போனோம். விரலைப் பார்த்தபடியே, "நரம்பு ஏதும் அறுந்திருக்கா?" என்றார்.

"அறுத்தாச்சு டாக்டர்! பெரியவர்தான் அறுத்தாரு!" என்றான் மச்சினன் பெருமையாக.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். விளக்கம் சொல்லி உட்கார வைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்று தையல். நரம்பு (அசல் நரம்பு!) தப்பித்தது.

இப்போது தூண்டில் ஆசையுள்ள தம்பிகளுக்கு, மூன்று தையல் கொடுத்து வாங்கிய யோசனைகள்:

வாங்கும்போது கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முனையில் இடைவெளி தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். விரல் ஓட்டை, ஈரக் கையும் நுழைகிற அளவு இருக்கட்டும். நுனி மொட்டையாக இருந்தால் கழுத்தில் தொங்கும்போது பயமில்லை. வாயில் வெட்டுத் தகடு வைத்த குறடும் வருகிறது; அதையும் நரம்பு வெட்டிப் பார்த்தே வாங்குங்கள். பீங்கான் தகடு துருப்பிடிக்காது, ஆனால் பாறையில் விழுந்தால் சில்லு போய்விடும். பின்னல் நரம்பு வெட்டுகிற கத்தரியால் கம்பியையும் தூண்டில் முள்ளையும் வெட்டாதீர்கள். ஒரு பல் போனால் அந்த இடத்தில்தான் நரம்பு போய் உட்காரும். வெட்டும்முன் நுனியை ஈரப்படுத்துங்கள், இழைகள் ஒன்றாகச் சேரும். முடிச்சை ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள்; வழுக்குகிற ஜாதி, முடிச்சு கொஞ்சம் நகர இடம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, திருகாணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதியிருப்பதை உப்புத் தண்ணீர் படித்துப் பார்ப்பதில்லை!

இன்னொன்று. வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். இந்த நரம்பு தண்ணீரில் மிதக்கும், சுலபத்தில் மக்காது. முட்டுக்காட்டு நாரைக்குக் காலில் சுற்றினால் ஓடி வருவதற்கு அதற்கு ஒரு பெரியவர் கிடையாது. நாங்கள் ஒரு பழைய பிலிம் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம். அந்தத் திருக்கையோடு போன நரம்பை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மறு ஞாயிறு பெரியவருக்கு ஒரு புதுத் துண்டும், பாரிமுனையில் வாங்கிய அதே மாதிரி கத்தரிக்கோல் ஒன்றும் கொண்டுபோனோம். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோலைத் திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"நீயே மாட்டிக்க தம்பி."

மாட்டிக்கொண்டேன். இப்போது ஞாயிறு முழுக்க என் கழுத்தில் தொங்குகிறது. முதல் நாள் அதைப் பார்த்த மனைவி கேட்டாள்:

"என்னங்க, தையல் கடை ஏதாவது ஆரம்பிக்கப் போறீங்களா?"

மச்சினன் விரலைத் தூக்கிக் காட்டினான். "தையல் ஏற்கெனவே ஆயிடுச்சுக்கா!"