எங்கள் பாடு

2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 9, திங்கட்கிழமை. தமிழில் முதுகலையும் அதன்மேல் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, வேலையின்றி வீட்டில் இருந்த எனக்கு அன்று ஒரு தொடக்கப்பள்ளியில் மாற்று ஆசிரியராக வேலை கிடைத்தது. அங்கிருந்த ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றிருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் கையிலிருந்து மாதம் எழுநூற்றைம்பது ரூபாய் தரும் என்று உறவினர் ஒருவர் சொல்லி அனுப்பினார். கல்லூரி ஆசிரியர் ஆகவேண்டியவன் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதா என்ற சிறு இறுமாப்போடுதான் பொன்னேரியில் பேருந்து ஏறினேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். பெயரைப் பார்த்து மணற்காட்டைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதே பொருள். திருப்பாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுதான். மரங்களும் பூக்களும் திணைகளுக்குப் பெயர் தந்ததைத் தேர்வுக்காகப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நெய்தல் நிலத்தின் ஓரத்தில் பாலை என்று ஓர் ஊர் இருப்பது எனக்கு அன்று பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. ஊரைக் கடந்து, இருபுறமும் சீமைக் கருவேலம் மண்டிய வழியில் சிறிது தூரம் நடந்தால் ஏரிக்கரைக் குப்பம். அங்கே இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியர் பதிவேடுகளோடும் நான்கு, ஐந்தாம் வகுப்புகளோடும் ஓர் அறையில் இருந்தார். மற்ற மூன்று வகுப்புகளும் என் தலையில்.

முதல் அரை மணி நேரத்திலேயே என் பட்டங்கள் எதற்கும் உதவாது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டால் ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி அழுவாள். அவளைச் சமாதானப்படுத்தித் திரும்பினால் இரண்டாம் வகுப்பில் பாதிப்பேர் சிறுநீர் கழிக்க ஒரே சமயத்தில் விரல் நீட்டி நிற்பார்கள். யாப்பருங்கலக் காரிகையில் இதற்கு வழியில்லை.

'மீ' என்ற எழுத்தைக் கற்பிக்கக் கரும்பலகையில் ஒரு மீன் வரைந்தேன். உலகெங்கும் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டும் அந்த ஒரே மீன்: முட்டை வடிவ உடல், முக்கோண வால்.

"இது இன்னா மீனு சார்?" என்றான் ஒருவன்.

"மீன்தான்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. மடவை என்றது ஒரு கட்சி. மடவைக்கு வால் இப்படி இராது, இது கிழங்கான் என்றது மறு கட்சி. கிழங்கானுக்கு இவ்வளவு பெரிய வயிறு ஏது என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி இரண்டு கட்சிகளையும் மறுத்தாள். அவர்களுக்கு 'மீன்' என்று ஒன்று இல்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தல் பாடல்களைப் படித்துத் தேர்வு எழுதிய எனக்கோ மீன் என்ற ஒன்று மட்டுமே இருந்தது.

அன்று வருகைப் பதிவேட்டில் மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பெயர்களுக்குப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "பாடு சார்" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. வறுமையைச் சொல்கிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துவிட்டேன். எல்லோர் வீட்டிலும் பாடு உண்டு, அந்தப் பாட்டைத் தீர்ப்பது கல்வி ஒன்றுதான் என்று கால்மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கவனமாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விநாயகர் சதுர்த்தி விடுமுறை.

புதன்கிழமை நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் காலையிலிருந்தே தூங்கி விழுந்துகொண்டிருந்தான். இருமுறை எழுப்பினேன். மூன்றாம் முறை அவன் எழவேயில்லை. மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் புது சார் என்ன செய்வார் என்ற பார்வை அது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அடித்தேன் என்று இன்று தோன்றுகிறது. கையை நீட்டச் சொல்லி மர அளவுகோலால் ஓங்கி இரண்டு அடி. இரண்டாவது அடி விழும்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். வலைக்கயிறு அறுத்த கோடுகள், சில பழையவை, ஒன்று புதியது. உப்புநீரில் ஊறி அதன் ஓரங்கள் வெளுத்திருந்தன. அவன் அழவில்லை. கையை டவுசரில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நேத்து ராத்திரி அவங்க பாடு சார்" என்றாள் முன்வரிசைச் சிறுமி, யாரையும் பாராமல்.

சத்துணவுக்கூடத்து அம்மாதான் மதியம் விளக்கினார். சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னதையும், பிற்காலத்தில் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரி பெரிதென்றாலும் நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவை கடலோடு ஏரி கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியவை. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே ஊர் கூடி, உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பெயரில் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த இடமும் பாடு, அந்த முறையும் பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். வலிமை உள்ளவன், படகு அதிகம் உள்ளவன் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. ஆனால் தலைக்கட்டு இல்லாதவருக்குப் பாடும் இல்லை. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. இந்த முறையைச் சிலாகித்து எழுதுபவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

"அமாவாச முடிஞ்சு தண்ணி ஓட்டமா இருக்குது சார். பாடு வந்தா விட முடியுமா? கொயந்த ராத்திரி பூரா அப்பனோட வலையாண்ட நின்னுருப்பான். நீங்க வேற அடிச்சிட்டீங்களாமே" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் கதிரவன், பாடு என்றால் படுதல், மறைதல். இந்தச் சொற்பிரிப்புக்கு ஒருமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லின் பாதி இந்தக் கரையில் பிள்ளைகளின் வாயில் உயிரோடு புழங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்குக் கல்வியின் பெருமை பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அவன் வரவில்லை.

அன்று பிற்பகல் பள்ளி முடியச் சற்று முன்பாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே ஓடினார்கள். மற்ற வகுப்புகளும் ஓடின. தலைமையாசிரியர் தம் அறையிலிருந்து நிதானமாக வந்து, "ராக்கெட் சார், போய்ப் பாருங்க" என்றார். ஏரியின் மறுகோடியில் ஸ்ரீஹரிகோட்டா. செப்டம்பர் 12, மாலை நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, பிஎஸ்எல்வி-சி4 ஒரு வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. அடுத்த ஆண்டு கல்பனா சாவ்லா இறந்தபின் அந்தச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டினார்கள். முதலில் ஒரு வெளிச்சம், பிறகு வெண்புகையின் தண்டு, அதற்கும் பிறகுதான் முழக்கம். தரை நடுங்குவதுபோல் இருந்தது.

முள்வேலிக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். நான் போய் அருகில் நின்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் போனேன். இருபத்து மூன்று வயதில் ஒரு சிறுவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தமிழ் வரவில்லை.

"கை வலிக்குதா?" என்றேன்.

"இல்ல சார்." வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னிக்குக் கடலுக்குப் போவக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். ராக்கெட் வுட்டா போவக்கூடாது."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவியா?"

"எங்க பாடு முடிஞ்சிருச்சு சார். வருவேன்."

அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு என்று பாடு என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டு அதில் எழுதிக்கொண்டு, விட்டுப்போகும் பாடத்தை மறுநாள் நடத்துவது என் எண்ணம். தலைமையாசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நாமளே லீவு குடுக்கிற மாதிரி ஆயிடும்" என்றார். அப்போது அவர்மேல் கோபம் வந்தது. இப்போது அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று படுகிறது. எட்டு வயதுப் பிள்ளை இரவெல்லாம் தண்ணீரில் நிற்பதை அட்டவணை போட்டு ஏற்றுக்கொள்வது சரியா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கியது, மிக நல்லது. ஆனால் பாட்டுக்குப் போகாத பிள்ளையின் வீட்டில் அந்த வாரம் உலை எப்படிக் கொதிக்கும் என்பதற்கு என்னிடம் அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை. நோட்டை மட்டும் தொடர்ந்து எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். சொற்களைத் தொடரில் அமைத்து எழுதும் பயிற்சி. வேண்டுமென்றேதான் 'பாடு' என்ற சொல்லையும் பலகையில் சேர்த்தேன். பெரும்பாலோர் 'பாட்டு பாடு' என்று எழுதியிருந்தார்கள். போன ஆசிரியை அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவன் சிலேட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

'எங்க பாடு இனிமே பவுர்ணமிக்கு வரும்.'

சாக்பீஸை எடுத்தேன். 'எங்க' என்பதை 'எங்கள்' என்று திருத்தப் போனவன், ஒரு கணம் நின்று, திருத்தாமலே சரி போட்டுக் கொடுத்தேன். அவன் சிலேட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், 'பவுர்ணமி' கரீட்டா?" என்றான்.