காலி வீதியின் மறுமுனை

வெள்ளவத்தையில் வாழும் எம்மவர்க்குக் காலி வீதி என்பது கடைகளும் பஸ் வண்டிகளும் நெருங்கிய ஒரு தெரு. அவ்வீதியே கடலோரமாகத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 115 கிலோமீற்றர் சென்று ஒரு பழந்துறைமுகத்தை அடைகின்றது என்பதை நம் மாணவருட் பலர் நூலிற் படித்திருப்பரேயன்றிக் கண்ணாற் கண்டாரல்லர். ஆதலின் உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மாணவர் 22 பேரை ஒரு சனிக்கிழமை அவ்வழியே அழைத்துச் சென்றேன். 2011 இல் திறக்கப்பெற்ற அதிவேக நெடுஞ்சாலையால் விரைந்து சென்றிருக்கலாம். ஆயினும், அங்கே கடலைக் காண இயலாது.

பாணந்துறையைக் கடந்து, களுத்துறையில் களுகங்கையையும் வெண்ணிறத் தாதுகோபத்தையும், பேருவளையில் கடல்முனையில் நிற்கும் பள்ளிவாசலையும் கண்டு மகிழ்ந்தோம். புவியியல் பயிலும் மாணவன் ஒருவன், "அலாஸ்காவில் இப்படிக் கடலோரமாய்ப் போய்ப் பனிக்கட்டியாறுகளைப் பார்ப்பார்களாம், சேர். எங்களுக்கு அது இல்லையே" என்றான். "அந்தப் பனி உருகினால் நீர் எங்கே போகும்?" என்று வினவினேன். அவனே சிந்தித்து விடை கூறினான். உலகம் வெப்பமுறுதலால் நிலத்துப் பனி உருகிக் கடலிற் சேர்கின்றது, கடல் நீரும் வெப்பத்தால் விரிகின்றது, கடல்மட்டம் உயர்கின்றது. புகையிரதப் பாதையைக் காத்தற்பொருட்டுக் கரையில் அடுக்கப்பட்ட கருங்கற்களைக் காட்டினேன். கரையரிப்புக்கு ஆற்று மணலை அகழ்தல் முதலிய வேறு காரணங்களும் உள. எனினும், தொலைவிலுள்ள பனிமலைக்கும் நம் கரைக்கும் தொடர்புண்டென்பதை அன்று அவர்கள் உணர்ந்தனர்.

இக்கடுவைக்கு அண்மையில் பெரலியவில் வண்டியை நிறுத்தினோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்த இடம் அது. மொழி, மதம் பாராது கொண்டுசென்ற அக்கடலின் முன் யாவரும் வாய்பேசாது நின்றோம்.

நண்பகலிற் காலியை அடைந்தோம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருக்கிய கோட்டை அது. 1988 இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பெற்றது. 1885 இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் நிறைவுறும் வரை பெருங்கப்பல்கள் நாடிய துறைமுகமும் இதுவே.

கொத்தளத்தின்மீது நடக்கையில் ஒரு மாணவன் என்னருகே வந்து, "சேர், இங்கே தமிழில் சத்தமாகப் பேசலாமோ?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டான். 1983 ஆம் ஆண்டில் அவன் பிறந்தவனல்லன். ஆயினும், அவ்வாண்டின் அச்சம் தாயின் எச்சரிக்கையாய் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. நான் விடை தேடுமுன், அருகிலிருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், "எங்க இருந்து வாறீங்க, மகன்?" என்று தமிழிலேயே வினவினார். கோட்டைக்குள்ளேயே தாம் பிறந்து வளர்ந்ததாகக் கூறி, கலங்கரை விளக்கத்துக்கு வழியும் காட்டினார்.

அப்போது, முன்னைய வாரம் கொழும்பு நூதனசாலையில் நாங்கள் கண்ட கல்லை நினைவூட்டினேன். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறித்த கல் அது. இதே காலியில் மதகொன்றின் மூடுகல்லாய்க் கிடந்து 1911 இல் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியிற் புத்தருக்கும், தமிழிலே தெவிநுவரையிற் கோயில்கொண்ட திருமாலுக்கும், பாரசீக மொழியில் இஸ்லாத்துக்கும் உரிய காணிக்கைகளை அது கூறுகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் மூவர்க்கும் பெரும்பாலும் ஒத்த அளவின. "இந்தத் துறைமுகத்தில் தமிழை வாசிப்பார் இருந்தபடியால்தானே தமிழிலும் வெட்டினார்கள்?" என்றேன். அவன் ஒன்றுங் கூறவில்லை. சற்று நேரத்தில் தோழரோடு உரத்துப் பேசிச் சிரிக்கும் அவன் குரல் கேட்டது.

பழைய மாணவ அன்பர்களே! ஜூபிலி நினைவாகக் கட்டடங்கள் எழுவது நன்றே. அதனோடு, ஆண்டுதோறும் ஒரு வகுப்பேனும் இவ்வழியே சென்றுவர ஒரு சிறு நிதியும் அமைப்பீராக. வரலாற்றை வகுப்பறையிற் கற்பிக்கலாம். தான் வாழும் நாட்டில் அஞ்சாது நடத்தலை நடந்தே கற்றல் வேண்டும்.