கீழ்ச் சுருதியின் குரல்

என் மக்கள் இருவர். மூத்தவன் கித்தார் வாசிக்கின்றான். இளையவன் பாஸ் கித்தார். நாகசுரமும் பம்பையும் பழகிய எங்கள் கம்பைநல்லூர்த் தெருவில் அவர்கள் ஜாஸ் என்னும் அமெரிக்க இசையைப் பயில்வது பலருக்கும் புதுமையாகவே இருந்தது. அவர்களோடு கேட்டுக் கேட்டு நானும் சிறிது அறிந்துகொண்டேன்.

நம் கருநாடக இசையின் மனோதர்மம் போல, ஜாஸிலும் அவ்வப்போதே கற்பனை செய்து வாசிக்க வேண்டும். கித்தார் விரும்பியபடி பறக்கும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, பாஸ் கித்தார் அடிக்கு ஒரு சுரமாக நடந்து வழி காட்டும். பறப்பது காதில் விழும், நடப்பது விழுவதில்லை.

வீட்டிற்கு வரும் உறவினர் மூத்தவனையே பாராட்டுவர். ஒருநாள் இளையவன், "அம்மா, நான் நிறுத்தினாலும் எவருக்கும் தெரியப் போவதில்லை. இதை விற்றுவிடலாம்" என்றான். அவன் குரலில் சினமில்லை. அதுவே என்னை அச்சுறுத்தியது. உடன்பிறந்தார் சண்டையால் மட்டும் பிரிவதில்லை. தான் வேண்டப்படாதவன் என்று ஒருவன் எண்ணும் நாளிலேயே பிரிவு தொடங்கிவிடுகிறது.

அவனுக்கு மான்ட்கோமரி சகோதரரைப் பற்றிச் சொன்னேன். இண்டியானாபொலிஸ் நகரினர் அவர்கள். 1923-இல் பிறந்த வெஸ், பகலில் தொழிற்சாலையில் உழைத்து இரவில் கித்தார் வாசித்தார். அயலார் உறக்கம் கெடாதிருக்கக் கட்டைவிரலால் மீட்டினார் என்பர். அம்மென்மையே அவர் புகழாயிற்று. அவர் அண்ணன் மாங்க், 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பாஸ் கித்தாரை ஜாஸ் மேடைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர். இன்னொரு தம்பியையும் சேர்த்துக்கொண்டு மூவராய் இசைத்தட்டுகளும் வெளியிட்டனர்.

நம்மவரிலும் சான்று உண்டு. 1958 கலவரத்திற்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்த வயலின் குடும்பத்தில் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என மூன்று சகோதரர். 1970-களில் 'சக்தி' குழுவில் ஜாஸ் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் வாசித்த சங்கர், 1980-இல் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைச் செய்வித்தார். டபுள் பாஸின் ஆழம் வரை இறங்க வேண்டுமென்பதே அவர் வேட்கை.

இவற்றைக் கேட்டிருந்த மூத்தவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வாசிக்கையில், "நடுவில் நீ நிறுத்திப் பார்" என்று தம்பியிடம் சொன்னான். இரண்டு சுற்றுக்குள் அண்ணனின் விரல்கள் தடுமாறின. "நீ இல்லாவிட்டால் நான் எங்கிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லையடா" என்றான். அதன்பின் இளையவன் விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

பெற்றோரே, ஒவ்வோர் இல்லத்திலும் கீழ்ச் சுருதியில் நடக்கும் பிள்ளை ஒன்று உண்டு. அது நின்று போகும்வரை காத்திராமல், ஒலிக்கும்போதே செவி சாய்ப்போம்.