பறக்கும் ரயிலின் படிக்கட்டில்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் காலையில் பறக்கும் ரயில் ஏறினால், பெண்கள் பெட்டியில் பலருக்கு வீட்டு வேலை இன்னும் முடிந்திருக்காது. ஒருவர் ஈரத் தலையைக் கோதி உலர்த்துகிறார். இன்னொருவர் டப்பாவைத் திறந்து அவசரமாக இட்லியை விழுங்குகிறார். அவருக்கு விக்கல் எடுத்தால், எதிரில் இருப்பவர் கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்.

கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை. நான்காவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் பதினான்கு மாதம், வேளச்சேரியிலிருந்து வந்த வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. முன்பின் தெரியாதவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடித்துக் கடற்கரை நிலையத்துக்குப் போனார்கள். சேப்பாக்கம் வந்தால், கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் இல்லாத நாளிலும் கழுத்துகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன.

அதற்கப்புறம் வண்டிக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியை 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன நீர்வழி அது. அதன் நடுவிலேயே தூண்களை நிறுத்தி இந்தப் பாதையைக் கட்டினார்கள். மிஞ்சிய இடத்தில் இப்போது சாக்கடை கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறது. நகரத்துக்கு ரயில் தேவைதான். ஆனால் பஞ்சத்தில் அடிபட்டவர்களின் உழைப்பை இப்படிப் புதைத்திருக்க வேண்டியதில்லை.

மயிலாப்பூரின் திருமயிலை நிலையம் 1997இல் வந்தது. எவ்வளவு பெரிய கட்டடம்! கடைகளுக்காக விட்ட இடங்கள் இருண்டு கிடக்கின்றன, புறாக்கள்தான் குடியிருக்கின்றன. நடைமேடைக்குப் போகும் படிகளில் முட்டி வலிக்காரர்கள் பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருபவர்கள் முணுமுணுக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சி. பழகிப்போனதாலேயே இந்தப் படிகளின் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்றுதான் இந்தப் படிக்கட்டின் பாடு தெரியும். வண்டி வண்டியாக ஜனம் இறங்கும். கீழே மாடவீதிகளில் நாயன்மார்கள் பல்லக்கில் வர, தெருவோரத்தில் நீர்மோரும் பானகமும், கையில் புளியோதரைப் பொட்டலமும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலை, இறங்குகிற கூட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் செருப்பு வார் அறுந்துவிட்டது. குழந்தை இடுப்பில், பை தோளில், குனிய வழியில்லை. பின்னால் வந்த நடுத்தர வயதுப் பெண் சுவரோரம் அவளை நிறுத்தினார். கழுத்துத் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, தரையில் குந்தி, வாரைச் சேர்த்துக் குத்தினார்.

“பாத்துப் போம்மா, கால்ல குத்திடப் போகுது.”

“உங்களுக்கு வேணாமாக்கா?”

“இன்னும் ரெண்டு இருக்கு.”

கூட்டம் தள்ளியது. ஊக்குக் கொடுத்தவர் மாடவீதிப் பக்கம் போய்விட்டார். குழந்தை மட்டும் தோளுக்கு மேலே எட்டி அவரைத் தேடிக்கொண்டே போனது. ஒரு முழம் பூவைவிட மலிவான அந்த ஊக்கைச் சென்னைப் பெண்கள் சரட்டில் கோத்து வைத்திருப்பது தங்களுக்காக மட்டுமல்ல என்று மயிலாப்பூரில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

மந்தைவெளி, பசுமைவழிச் சாலை. அடையாற்றைத் தாண்டும்போது போனிலிருந்து சில தலைகள் நிமிர்கின்றன. கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர். திருவான்மியூரில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள் மொத்தமாக இறங்கியதும் பெட்டி காலியாகிறது. உட்கார இடம் கிடைத்தவர் கால் நீட்டிக் கண் அயர்கிறார். தரமணியில் இறங்க வேண்டியவரைப் பக்கத்துச் சீட்டுக்காரர் தட்டி எழுப்புகிறார்.

பாதை 2007இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டும் வேலை, கடைசி 500 மீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் பல ஆண்டுகள் முடங்கியது. அந்த ஆண்டுகளிலெல்லாம் பரங்கிமலையில் புறநகர் மின்சார ரயில் பிடிக்க வேண்டியவர்கள் வேளச்சேரியில் படியிறங்கி, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஓடினார்கள். ஓட முடியாத பெரியவருக்காக, ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறியவர் டிரைவரிடம் சொல்வார்: “அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க, ஐயா வந்துட்டிருக்காரு.”