கஸ்ருக்குப் போதாத தூரத்தில்

தாங்கள் ஐம்பதைக் கடந்தவரா? அப்படியாயின் ஒரு சிறு கணக்குப் பார்க்குமாறு வேண்டுகிறேன். சென்ற ஓராண்டில் ஊர் எல்லையைத் தாண்டித் தாங்கள் மேற்கொண்ட பயணங்களை விரல் விட்டு எண்ணுங்கள். அவற்றை நிக்காஹ், மய்யித்து, மருத்துவமனை என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். எஞ்சியிருப்பது எத்தனை?

நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினொரு பயணங்கள். ஏழு மருத்துவருக்காக, மூன்று ஜனாஸாவுக்காக, ஒன்று நிக்காஹ் விருந்துக்காக. அல்லாஹ் படைத்த அழகுகளில் ஒன்றைக் கண்டு வருவோம் என்று எண்ணிப் புறப்பட்டது ஒன்றுகூட இல்லை. வளைகுடாவில் இருபத்தாறு ஆண்டுகள் மணலையும் கண்ணாடிக் கட்டடங்களையும் பார்த்துவிட்டு, "ஊர் திரும்பியதும் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நான்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்றனர். நம்மவர்கள் மஹ்மூது பந்தர் என்றனர். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையும் மோதியது இவ்வூர்ப் புறத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் இரும்பு ஆலை நடத்தினார். இவையெல்லாம் பிள்ளைகளின் பாடத்துக்கு உதவும். எனக்கோ ஊரைப் பற்றி வேறொரு கவலை. ஊர் திரும்பி மூன்றாண்டுகள் ஆகியும் என் உலகம் வீட்டுத் திண்ணைக்கும் பள்ளிவாசலுக்கும் மருந்துக் கடைக்கும் இடையில் சுருங்கிக் கிடந்தது.

காரணம் முழங்கால். அதைவிடப் பெரிய காரணம் ஒரு நாற்காலி.

மூட்டுவலி முற்றியபின் பள்ளிவாசலில் முதன்முதலாக நாற்காலியில் அமர்ந்து தொழுத நாளை நான் மறக்க முடியாது. ஸஃப்பின் ஓரத்தில் அதைப் போட்டுக்கொண்டு அமர்ந்தபோது, ஊரே என்னைப் பார்ப்பது போன்ற கூச்சம். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. எனினும் அன்று என் உள்ளத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: "நீ கிழவனாகிவிட்டாய்; இனி ஒதுங்கி உட்கார்." எங்கள் இமாம் அதைக் கவனித்திருக்க வேண்டும். உடல்நலம் குன்றியிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டியதை அவர் எனக்கு நினைவூட்டினார். தொழுகைக்கு வந்த சலுகையை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதே சலுகையை வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றுக்கும் விடுப்புச் சீட்டாக மாற்றிக்கொண்டது என் தவறு.

என் லாத்தாவின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அவருக்கு வயது அறுபத்தாறு. மச்சான் வஃபாத்தாகி நான்காண்டுகள் கடந்துவிட்டன. மார்க்கம் விதித்த இத்தா நான்கு மாதம் பத்து நாள்தான். லாத்தாவின் இத்தாவோ முடியவே இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். தொலைபேசி மணி அடிப்பதே அவருடைய பொழுது. "இந்த வயசுல எனக்கு என்ன தம்பி வேணும்? ஈமானோட போய்ச் சேர்ந்தாப் போதும்" என்பார். மறுத்துப் பேச முடியாத சொல் அது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈமானின் அமைதியைக் காட்டிலும் அலுப்பே மிகுதியாக இருந்தது என்பதை உடன்பிறந்தவனாகிய நான் அறிவேன்.

சென்ற ஜனவரியில் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காக லாத்தாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றோம். என் மனைவியும் உடன் வந்தார். மருத்துவரைப் பார்க்கும் வேலை எதிர்பாராத விதமாக ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. வாடகைக் கார் ஓட்டி வந்த இளைஞர், "அடுத்து எங்கே பாய்?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "வீட்டுக்கு" என்று சொல்ல வாயெடுத்தவன், ஏனோ "பிச்சாவரம்" என்று சொல்லிவிட்டேன்.

பிச்சாவரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்கூட இராது. இடையே வெள்ளாறு கிடக்கிறது, அவ்வளவுதான். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சென்றால் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். கஸ்ருக்குக்கூடப் போதாத இந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளும் லாத்தாவுக்கு அறுபத்தாறு ஆண்டுகளும் ஆகியிருக்கின்றன!

வழியில் வரும் கிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி ஊர்வலம் கடற்கரைக்குச் செல்லும் வழியில், கிள்ளை தைக்கால் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் அதை வரவேற்று மரியாதை செய்வது நெடுங்கால வழக்கம். பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படிக்கும் செய்தி இது. அந்த ஊரையே அன்றுதான் நான் கண் திறந்து பார்த்தேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளது பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு. சிறு சிறு தீவுகளும் அவற்றிடையே பின்னிக் கிடக்கும் கால்வாய்களுமாக இருக்கிறது. மரங்கள் நீரிலேயே நிற்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. குறுகிய கால்வாய்களுக்குள் புக வேண்டுமானால் துடுப்புப் படகே ஏற்றது. 'இதயக்கனி' திரைப்படத்தில் இக்காட்டைக் கண்டவர்கள் உங்களில் இருக்கலாம். நேரில் காண்பது வேறு.

படகில் ஏறுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. துறையிலிருந்து படகுக்குக் காலை நீட்டும் அந்த ஒரு கணத்தில் படகு அசைகிறது. என் முழங்கால் மறுத்தது. லாத்தா இரண்டடி பின்வாங்கி, "நீங்க போய்ட்டு வாங்க, நான் நிழல்ல உக்கார்ந்திருக்கேன்" என்றார். பின்னால் நின்ற கல்லூரி மாணவர்கள் பொறுமையிழந்து முணுமுணுத்தனர். மீண்டும் அந்த நாற்காலிக் கூச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. திரும்பிவிடலாம் என்றே நினைத்தேன்.

படகோட்டி எங்களைக் காட்டிலும் மூத்தவராகத் தெரிந்தார். அவர் எதுவும் பேசாமல் தண்ணீரில் இறங்கிப் படகின் ஓரத்தைத் தம் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். தண்ணீர் அவருடைய இடுப்பளவுதான் இருந்தது. "பாத்தீங்களாம்மா, இவ்வளவுதான் ஆழம். உக்காந்தாப்புல இறங்குங்க. நின்னு இறங்கினாத்தான் ஆடும்" என்றார். நான் முதலில் துறையின் விளிம்பில் உட்கார்ந்து, சிறு பிள்ளையைப் போல நகர்ந்து இறங்கினேன். பிறகு லாத்தாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டேன். என் மனைவி பின்னால் தாங்கிக்கொண்டார். மூவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து அமர்ந்தபோது, இமாம் சொன்னது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்று இயலாவிடில் அமர்ந்து!

கால்வாய் ஓரிடத்தில் மிகவும் குறுகிற்று. இருபுறத்துக் கிளைகளும் தலைக்கு மேல் கூடிப் பந்தலிட்டன. துடுப்பின் ஓசையைத் தவிர வேறு ஒலி இல்லை. சுரபுன்னை மரங்கள் தூண் தூணாக வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. அவற்றின் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு, பின்னரே கீழே விழுகிறதாம். படகோட்டி ஒன்றைப் பறித்துக் காட்டவில்லை. "பறிக்கக் கூடாதும்மா" என்று விரலால் மட்டும் சுட்டினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று எச்சரித்தார். சேற்றில் சிறு நண்டுகள் ஓடின; நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது காட்டின் மறைவில் இருந்த குப்பங்களுக்கு வேகம் குறைந்தே வந்தது என்று அவர் சொன்னார். அப்போது மட்டும் துடுப்பை நிறுத்தினார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

லாத்தா வெகுநேரம் பேசவே இல்லை. பின்னர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தார். "ஒங்க மச்சான் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் சொல்லுவாக தம்பி, பிச்சாவரம் கூட்டிட்டுப் போறேன்னு. லீவுதான் பத்தாது" என்றார். அழுதுவிடுவாரோ என்று அஞ்சினேன். அழவில்லை. "சரியான பொய் சொல்லி மனுசன்" என்று சொல்லிச் சிரித்தார். மச்சான் மறைந்தபின் அவரைப் பற்றிச் சிரித்தபடி லாத்தா பேசியதை அன்றுதான் கேட்டேன்.

துறைக்குத் திரும்பியதும் ஒரு சிறப்பான செய்தி காத்திருந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருப்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். அங்கே பயிலும் மாணவி ஒருத்தி கரையோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அந்த ஊர் என்றதும் மகிழ்ந்து, ஒரு வெண்கண்டல் மரத்தைக் காட்டினாள். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் இம்மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறதாம். உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை இலை வழியாக வெளியேற்றிவிடுகிறதாம். ஓர் இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"இதோட அறிவியல் பேரு அவிசென்னியா" என்றாள் அந்தப் பெண். "உங்க இப்னு சீனா பேருதான் ஐயா!"

வாசகர்களே, நான் திகைத்து நின்றுவிட்டேன். வீடு வந்து நூல்களைப் பார்த்தேன்; உண்மைதான். புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் 980 இல் பிறந்த இப்னு சீனாவை ஐரோப்பியர் அவிசென்னா என்று அழைத்தனர். தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலில் இம்மர இனத்துக்கு அப்பெயரை வைத்தார். லாத்தாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "நம்ம வாப்பாவுக்கு மருந்து குடுத்த ஹகீம் வாய்க்கு வாய் சொல்லுவாரே, அந்த இப்னு சீனாவா?" என்று உடனே கேட்டுவிட்டார். அவரேதான். யூனானி மருத்துவத்துக்கு ஆதாரமான 'அல்கானூன்' நூலில் முதியோர் உடல்நலத்துக்கென்றே ஒரு பகுதியை அவர் ஒதுக்கியிருக்கிறார். மிதமாக உடலை இயக்குதல், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், உணவைச் சிறிது சிறிதாகப் பிரித்து உண்ணுதல் ஆகியவை அவர் சொன்ன வழிகளுள் சில. இத்தனையும் எழுதிய அந்த மேதை 1037 இல், அறுபதை எட்டாமலே மறைந்தார். அவர் வாழ்ந்ததைவிட ஓராண்டு கூடுதலாக நான் வாழ்ந்துவிட்டேன் என்று கணக்கிட்டபோது, நாற்காலிக்காக வெட்கப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

ளுஹரைக் கிள்ளைப் பள்ளியில் தொழுதேன். பிறகு காரில் இருந்தபடியே இடியாப்பமும் அவித்த முட்டையும் உண்டோம். சாலையோரம் உட்கார்ந்து இறால் வறுவல் சாப்பிட எனக்கு ஆசைதான். மனைவி கண்ணால் தடுத்துவிட்டார்.

ஊரில் செய்தி பரவாமல் இருக்குமா? "வயசான காலத்துல படகுச் சவாரியாமே!" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவருக்கு நான் நினைவூட்டியது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. பயணமொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னை வென்றார்கள். பின்னர் அன்னையின் உடல் சற்றுப் பருமனான காலத்தில் மீண்டும் ஓடினார்கள். நாயகம் வென்று, முன்னதற்கு இது ஈடு என்று நகைச்சுவையாகக் கூறினார்கள். அண்ணலாரின் வயது அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நண்பர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் இஷாவுக்குப் பின் என்னைத் தனியே அழைத்து, படகுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்.

தாங்களும் செல்ல விரும்பினால் சில குறிப்புகள். காலையிலேயே சென்றுவிடுங்கள்; உச்சி வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்து, பறவைகள் வந்திருக்கும் தை, மாசியில் செல்வது நன்று. சர்க்கரை நோயாளிகள் கையில் பிஸ்கட் வைத்திருக்க வேண்டும். படகேறுமுன் கழிப்பறைக்குச் சென்றுவிடுங்கள். நம் வயதில் இதைச் சொல்ல வெட்கம் வேண்டியதில்லை. முழங்கால் ஒத்துழைக்காது என்று தெரிந்தால், வரிசையில் நிற்கும்போதே படகோட்டியிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் நின்றதால்தான் அத்தனை தடுமாற்றமும்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது லாத்தாவிடமிருந்து தொலைபேசி வந்தது. நம் ஊர் ஆய்வு மையத்தில் கடல் உயிரினங்களின் அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாக அந்தப் பெண் சொன்னாளே, அது சனிக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்கிறார். அவர் வீட்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். அஸருக்குப் போகும் வழியில் விசாரித்து வர வேண்டும்.